சக்கரம் நகர்ந்த பிறகு

கட்டபெட்டில் மூன்றரை பஸ் இன்னும் வரவில்லை.
யூனிஃபார்ம் பையில், கொண்டை தலையில்.

சம்பளச் சீட்டில் அறுபத்தோரு மணி நேரம்.
கதவு மூடி, சக்கரம் நகர்ந்தால்தான்
அவர்கள் கடிகாரம் ஓடும்.
கோவையில் மழைக்காக நின்ற நாலு மணி,
வாந்திப் பை, யாரோ தூங்கவைக்கச் சொன்ன குழந்தை,
வலித்த தாடையோடு சிரித்தது
எதுவும் சேர்த்தியில்லை.

எதிரே இலைக் கொட்டகையில்
சாக்குக்கு இரண்டு, ஈரத்துக்கு மூன்று கிலோ
கழிக்கிறவனிடம் மாதியக்கா:
"தராசை இப்படித் திருப்பு, நானும் பார்க்கணும்."

பஸ்ஸில் இடம் கிடைத்தது.
மடியில் சங்கத்தின் மனு.
பெயர்: கிரிஜா போஜன்.
பணி தொடங்கும் நேரம்?
கொண்டை ஊசி வளைவில் பேனா இழுபட,
கோணலாக எழுதினேன்:
பிற்பகல் இரண்டு ஐம்பது,
வீட்டு வாசல்.