இடது பின்சக்கரம், ஐந்தாவது

முப்பத்திரண்டு வாங்கினோம்,
வத்தலக்குண்டில், அபுதாகிர் டயர் கடையில்.
சிவப்பு. பிளாஸ்டிக்தான்,
கழுவிவிட்டால் மாதுளை முத்து.
சக்கரத்துக்கு எட்டு நட்டு, எட்டுக்கும் எட்டுத் தொப்பி.
வேலப்பன் தள்ளி நின்று பார்த்துவிட்டு,
"வண்டி முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்குதுண்ணே" என்றான்.

முதல் நடையிலேயே மூன்று பல் போச்சு.

பூம்பாறையில் பூண்டு ஏற்றி
வடுகபட்டிச் சந்தைக்கு இறங்குகிற வண்டி.
பெருமாள்மலை வரை குளிர், ஒன்றும் ஆகாது.
அதற்குக் கீழே
இரண்டாம் கியர், பிரேக், வளைவு, பிரேக்,
ஊத்து தாண்டுவதற்குள் டிரம் காய்ந்து
லைனர் வாசனை கேபினுக்குள் வரும்.
அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் பிடி தளர்ந்து
டம்டம் பாறை வளைவில்
டிக்கென்று ஒரு சத்தம்.
பிறகு பள்ளம்.

அங்கே ஒரு குரங்கு, காது கிழிந்தது.
என் தொப்பி ஒன்றைக் கடித்துப் பார்த்து,
ருசியில்லை என்று தெரிந்தும்
கீழே போடாமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டது.
ஒன்று பன்னிரண்டு ரூபாய்.

இன்சுலேஷன் டேப் சுற்றினோம், இளகி வழிந்தது.
எம்சீல் வைத்தோம்.
பஞ்சரான அன்று உளி வைத்து உடைக்க வேண்டியதாயிற்று.
பஞ்சர்காரர் சொன்னதை இங்கே எழுத முடியாது.
எட்டையும் கட்டுக்கம்பியில் கோத்தோம், கதம்பம் மாதிரி.
ஒன்று கழன்று மற்ற ஏழையும் கூட்டிக்கொண்டு போனது.
பெருமாள்மலை டீக்கடையில்
பாய்லர் தண்ணீரில் ஊறப்போட்டு
இளகியிருக்கும்போதே அழுத்தி மாட்டினோம்.
"என்னப்பா, பணியாரமா?" என்றார் மாஸ்டர்.
இறுகிப் பிடித்தது.
ஊத்து வரை.

கடைசியில் சைக்கிள் டியூப்.
விரல் அகலத்துக்கு வளையமாக நறுக்கி
நட்டில் ஏற்றி, அதன்மேல் தொப்பி,
உள்ளங்கையால் ஒரு தட்டு.
ரப்பர் சூடுபட்டால் இன்னும் கவ்வும்.
ஐப்பசி மழை முழுக்க ஒன்றுகூட விழவில்லை.

ஒன்றுகூட என்றால் பொய்.
இடது பின்சக்கரம்,
வால்வுக்கு நேராக இருப்பதை முதலென்று எண்ணினால்
ஐந்தாவது.
இரண்டு வளையம் போட்டேன், விழுந்தது.
புதுத் தொப்பி, விழுந்தது.
வேலப்பன் ஓடிப்போய்ப் பொறுக்கி வருவான்.
நான் வாய்க்கு வந்தபடி திட்டுவேன்,
அவனை அல்ல, தொப்பியை.

கார்த்திகையில் ஒரு விடிகாலை,
எதிர்க் கடை தெரியாத மூட்டம்.
டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு
"அண்ணே, இதுக்கு மூக்கு ஒழுகுது" என்றான்.
நட்டின் அடியிலிருந்து ரிம்மின் மேல்
பழுப்பாய் ஒரு கோடு.
துரு.
விரலால் திருகினேன்.
விரலால்.
பாட்டில் மூடி போலச் சுற்றியது.

அதற்கு இருபுறமும்
அசையாமல், அழகாக, டியூப் போட்ட தொப்பிகள்.
பிடுங்கினேன்.
நாலாவதும் அரைச் சுற்று வந்தது.

ஸ்பேனரில் பைப்பைச் சொருகி
மாற்றி மாற்றி ஏறி மிதித்தோம்.
தலைக்கு மேலே ஐந்து டன் பூண்டு மணத்தது.
இருவரும் பேசவில்லை.
வேலப்பன் மட்டும் எட்டு வரை எண்ணிவிட்டு
மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினான்.

இப்போது முப்பத்தொன்றுக்குத் தொப்பி உண்டு.
வாரம் ஒருநாள் எல்லாவற்றையும் கழற்றி
நட்டிலும் ரிம்மிலும் போட்ட வெள்ளைக் கோடு
நேருக்கு நேர் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு
திரும்ப மாட்டுகிறோம்.
ஐந்தாவதை வெறுமனே விட்டிருக்கிறேன்.
ஏறுவதற்கு முன் கட்டைவிரல் தானாக அங்கே போகும்,
இரும்பு ஜில்லென்றிருக்கும்.

காட்ரோட்டில் ஒரு போலீஸ்காரர்
லைசென்சைத் திருப்பித் தந்தபடி கேட்டார்:
"பின்னாடி ஒண்ணு விழுந்துருச்சு போல?"

"குரங்குகிட்ட இருக்கு சார்" என்றேன்.