எண்பதாயிரம் ஆட்டோ

பதினோரு வருடமாகத் தரமணியில்
ஜன்னல் இல்லாத அறையொன்றில்
ஆட்களை நாற்பது நிமிடத்துக்குள்
அளந்து முடிப்பது என் வேலை.

வேகமாகப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்கும்.
கேள்வி முடியும் முன்பே தலையாட்டுகிறவர்களை,
வெள்ளைப் பலகையில் அம்புக்குறி போடுகிறவர்களை,
நான் படித்ததையே படித்திருக்கிறவர்களை.
(இந்த வரியில் மட்டும் கை கொஞ்சம் நின்றது.)

எல்லோரிடமும் கேட்பேன்:
சென்னையில் எத்தனை ஆட்டோ ஓடுகிறது?
விடை முக்கியமில்லை, யோசிக்கிற விதம்தான் என்பேன்.
ஆனால் என் நோட்டின் ஓரத்தில்
எண்பதாயிரம் என்று பென்சிலில் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை வந்தவர்
காசிமேட்டு ரெமிஜியுஸ்.
மழையில் நனைந்த ஷூ.
கேள்வியைக் கேட்டுவிட்டு
ஒன்றரை நிமிடம் ஏசி சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
"ஓடுறதா சார், இருக்கிறதா?"
எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.
"டியூ கட்டலைன்னு தூக்கிட்டுப் போனது இருக்கும்.
ஒரே வண்டிய பகல்ல அண்ணன், ராத்திரில தம்பி ஓட்டுவாங்க."
மறுபடி ஏசி.
"தெரியல சார். தெரிஞ்சுக்க ஒரு நாள் ஆகும்."

மெதுவானவர், என்று எழுதினேன்.
அடிக்கோடும் போட்டேன்.

அன்றிரவு மடிப்பாக்கத்தில்
கார் நிறுத்துமிடத்தில் குடியிருப்போர் கூட்டம்.
செயலாளர் வைத்தியலிங்கம் சுவரில் படம் காட்டினார்:
தண்ணீர் லாரிச் செலவு மாதவாரியாக,
நீலத்தில் கம்பங்கள், சிவப்பில் ஒரு கோடு.
ஆளுக்கு நானூறு ஏற்றவேண்டும்.
முதலில் தலையாட்டியது நான்தான்.

ஏ-ஒன்றில் வாடகைக்கு இருக்கும் ஷம்ஷாத்
கணுக்காலில் கொசுவை அடித்துவிட்டுக் கேட்டார்:
"லாரி பன்னெண்டாயிரம் லிட்டர்னு யாரு சொன்னது?"
"பில்லில் இருக்கிறது."
"பில்லை யாரு எழுதறாங்க?"
சிரிப்பு. நானும் சிரித்தேன்.
அதை மறைக்க ஒன்றும் இல்லை.

"சம்பு பத்துக்கு எட்டு.
லோடு இறங்கினா அஞ்சேகால் அடி ஏறணும்.
நாலுதான் ஏறுது.
முதல் தடவை நான்தான் தப்பா அளந்தேன்னு நெனச்சேன்.
ரெண்டாவது தடவை மோட்டார் ஓடியிருக்கும்னு நெனச்சேன்.
மூணாவது, மோட்டார நிறுத்திட்டு அளந்தேன்.
இன்னமும் நான் தப்பா இருக்கலாம்.
யாராவது கூட வந்து பாருங்களேன்."

ஒருவரும் பேசவில்லை.
சுவரில் அந்தச் சிவப்புக் கோடு
ஏறியபடியே நின்றது.

பேசாதவரெல்லாம் ஆழமானவர் என்று
முடிவுகட்டவும் முடியாது.
பி-மூன்று சபாபதி மூன்று வருடமாக
எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்ததில்லை.
தூங்குகிறார்.

வேறு ஏதோ இருக்கிறது.
தன் கணக்கின் மேலேயே முதலில் சந்தேகப்படுவது.
அதற்குப் பிறகும் சம்புக்குள் எட்டிப் பார்ப்பது.
அது முகத்தில் தெரிவதில்லை.
லாரி வாசலில் இரைகிறது,
மூடிக்குக் கீழே நீர் ஏறுவதை
யார் பார்க்கிறார்கள்?

மாடிக்கு வந்து மடிக்கணினியைத் திறந்தேன்.
"சமர்ப்பித்த படிவத்தைத் திருத்த இயலாது."
ரெமிஜியுஸின் பெயருக்கு எதிரே
என் அடிக்கோடு, நேர்க்கோடாக.

எண்பதாயிரம் என்று எனக்கு யார் சொன்னது?
சேர்ந்த புதிதில் ஒரு பயிற்சி வகுப்பு.
சொன்னவர் வேகமாகப் பேசினார்.
அவ்வளவுதான் ஞாபகம்.
அந்த எண்ணை வைத்துக்கொண்டு
எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பேன்?
அதையும் எண்ணி வைக்கவில்லை.

காலை ஐந்தரைக்கு லாரி வந்தது.
இறங்கிப் போனேன்.
ஷம்ஷாத் ஏற்கெனவே மோட்டாரை நிறுத்தியிருந்தார்.
குழாய் துடித்து அடங்கியதும்
டார்ச்சை என் கையில் கொடுத்தார்.
சம்புச் சுவரில் சாக்குக்கட்டிக் கோடுகள்,
மங்கியதும் புதியதுமாக.

"நான் பாத்தது எவ்வளவுன்னு சொல்லமாட்டேன்," என்றார்.
"உங்க கண்ணுக்கு எவ்வளவு?
முதல்ல நீங்க சொல்லுங்க."

குனிந்தேன்.
நீர் இன்னும் அலைந்துகொண்டிருந்தது.
உடனே பதில் சொல்லவில்லை.