மைனஸ் ஐந்து

சித்திரை மாதம், திருக்கடலூர்.
பில் புத்தகம் வியர்வையில் கையோடு ஒட்டுகிற இரவு.
இந்த ஊரில் கம்பளி பின்னுகிறவளை
விசர் என்றுதான் சொல்வார்கள்.
சொல்லட்டும். கதவுக்கு அந்தப் பக்கம்
மைனஸ் ஐந்து.

ஐஸ் பெக்டரியில் நான் கணக்கு.
கட்டிகளை எண்ணி எழுத உள்ளே போகவேண்டும்,
இரவுக்கு ஏழெட்டுத் தடவை.
தோள்தான் முதலில் விறைக்கும்.

சாம்பல் நூலில் தொடங்கினேன்.
வின்னிபெக் மச்சானுக்கு மப்ளர் பின்னி மிஞ்சியது.
போட்டோக்களில் ஒருநாளும் அதை அவர் கழுத்தில் காணவில்லை.
சாண் நீளத்தில் சாம்பல் தீர்ந்தது.
அடுத்தது மஞ்சள்,
வினோஜாவின் குழந்தைக்குத் தொப்பி போட்ட மீதி.
அந்தத் தலை இப்போது முதலாம் வகுப்பில்
கூட்டல் பிழை விடுகிறது.
பிறகு, பண்டாரவளை பஸ் நிலையத்தில்
விலை பேசத் தெரியாமல் வாங்கிய வைன் சிவப்பு.
எதற்கும் காணாது, எறியவும் மனமில்லை.

மஞ்சளுக்குப் பக்கத்தில் அந்தச் சிவப்பு
பேச்சில்லாத சம்பந்திகளை
ஒரே பந்தியில் இருத்தியது போல.
அவிழ்க்க எழும்பினேன். அதற்குள்
கட்டி அறுக்கிற ஹில்மி,
"விடுங்க அக்கா, புகைக்குள்ள நிண்டாலும்
ஆள் தெரியும்" என்றான்.

கிண்ணியாவில் அவன் வீட்டார் வலை பொத்துகிறவர்கள்.
பின்னலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான்.
"ஒரு முடிச்சும் இல்லியே இதில!
ஒரு கண் அறுந்தா முழுக்கப் போயிருமே.
வலை எண்டா, மீன் கிழிச்ச இடத்தோட நிக்கும்."
சரிதான்.
ஆனால் பிழைத்த வரிவரைக்கும் உருவி
வேறொரு கழுத்துக்குத் திரும்ப ஏற்றலாம் இதை.
வலையில் முடியுமா என்றேன்.
மறுநாள் மேசையில் செம்மஞ்சள் நைலோன், ஒரு கட்டை.
பதிலோ, பந்தயமோ.

நைலோன் கம்பளிக்கு இணங்காது.
வழுக்கும், ஊசியில் கிரீச்சிடும்.
கரையில் மட்டும் விட்டேன்,
அவன் முறைப்படி முடிச்சுப் போட்டு.

கொம்ப்ரசர் பார்க்கிற நிஹாலுக்கு நீளம் காணாது.
ஹில்மிக்குக் கையை மறைக்கக் கூடாது, வாள் பிடிக்க வேண்டும்.
எனக்குப் பேனை செருக ஒரு பை.
ஒரு ஓரத்தில் ஆறு தெறி வைத்தேன்,
மறு ஓரத்தில் வழிநெடுகக் கண்ணி.
கழற்றினால் சால்வை, பூட்டினால் அரைச் சட்டை,
பாதி பூட்டினால் அதற்குப் பெயர் இல்லை.
அப்படித்தான் எல்லோரும் போடுகிறார்கள்.

மாதக் கடைசியில் முதலாளி சரக்குப் பார்க்க வந்தார்.
ஆணியில் தொங்கியதைத் தொட்டு,
யாருடையது என்றார்.
மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்தோம்.
அவர் போனபின் பதிவேட்டைத் திறந்து,
உமி மூட்டை நான்கு, வாள் இரண்டு,
அதன் கீழே: சால்வை ஒன்று.
அளவு என்ற கட்டத்தை மட்டும்
பென்சிலால் நிரப்பினேன்.