பதினோரு நொடி

அந்த இசைத்தட்டில், இரண்டாம் பக்கம்,
சாக்ஸபோன்கள் தணிந்ததும்
ஒரு டிரம்பெட் எழுந்து பேசும்.
பதினோரு நொடி.
அது நானில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
பிறகு மனம் வராது.

லெமுவல் ஹாட்ச். ஒமாஹாக்காரன்.
மூன்றாம் நாற்காலி.
ஆறு வருஷம் எனக்கு இடப்பக்கம், முழங்கை உரச.
முதல் நாற்காலிக்கு உச்சஸ்தாயி,
இரண்டாவதான எனக்கு முகவெட்டு,
அவனுக்கு, மிஞ்சிய ஸ்வரங்கள்.
உப்பு மாதிரி. குறைந்தால்தான் பேச்சு.

டோபீகா, ஜாப்ளின், சூ சிட்டி.
விடுதி முன்வாசல் எங்கள் நிறத்துக்குத் திறக்காது;
படுக்கை பேருந்தில்.
எங்கள் வாசிப்புக்கு விடியும்வரை ஆடியவர்கள்
எங்களுக்குக் காபியைப் பின்கதவில் நீட்டுவார்கள்.
மேடைக் கோட்டுக்குச் சம்பளத்தில் பிடித்தம்.
லெமுவல் அதை ஒரு குட்டி நோட்டில் எழுதிவைப்பான்,
பொத்தான் விலை உட்பட.

கழுவுதொட்டி அடைப்பெடுக்கும் ரப்பர் கிண்ணத்தை
டிரம்பெட்டின் வாயில் பொத்தி
ஏலக்காரனைப் பேசவைப்பான்,
பசித்த குழந்தையை, பல் வலிக்கும் போலீஸ்காரனை.
எல்லாம் பேருந்தில்தான்.
மேடையில் அவனுக்குத் தனி கிடையாது.

நாற்பத்தொன்று, ஜூலை, சிகாகோ.
மைக்கில் விழும் என்று மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள்.
முந்தின இரவு என் உதடு கிழிந்திருந்தது
(யார் கிழித்தது என்பது இங்கே வேண்டாம்).
தலைவர் கார்லைல் பென் என் பக்கம் விரல் நீட்டினார்.
நான் தலையசைத்து மறுத்தேன்.
விரல் ஒரு நாற்காலி தள்ளிப் போனது.

லெமுவல் எழுந்திருக்கக்கூட இல்லை.
கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவன்
சரி, நடப்போம் என்று கிளம்பியது மாதிரி
அவசரமில்லாமல் வாசித்தான்,
பாதி வழியில் எதையோ நினைத்துச் சிரித்துக்கொண்டு.
ஒரே டேக்.
"சரி, அடுத்தது" என்றார் பென்.

பிறகு போர். அரக்குக்குத் தட்டுப்பாடு.
பிறகு சங்கம் போட்ட தடை; பதிவே நின்றது.
லெமுவல் அபாரமாக வாசித்த இரண்டு வருஷமும் அதுதான்.
அதற்கு நான் ஒருவன்தான் சாட்சி.
என் சாட்சியம் என்ன பெறும் என்று
இதோ சொல்கிறேன்.

அறுபத்திரண்டில் அதையெல்லாம் நீளத்தட்டாகப் போட்டார்கள்.
அட்டைக்கு எழுதியவர் பென்னிடம் கேட்டிருக்கிறார்.
பென்னுக்கு அப்போது தன் மனைவி பெயரே தங்கவில்லை.
"ஸ்டோக்ஸாகத்தான் இருக்கும்."
வென்டல் ஸ்டோக்ஸ். அடியேன்.

திருத்தி எழுதப் பேனா எடுத்தேன்.
மை இருந்தது.

ஒரு கல்லூரிப் பையன் டேப் ரெக்கார்டரோடு வந்தான்.
அந்த இடத்தில் ஏன் மூச்சை நிறுத்தினேன் என்று
முக்கால் மணி நேரம் விளக்கினேன்.
நன்றாக விளக்கினேன்.
கடைசியில் எனக்கே கண் கலங்கியது.

லெமுவல் அப்போது இறைச்சிக் கூடத்தில்
கொக்கிகளைக் கழுவிக்கொண்டிருந்தான்.
ஒமாஹா போயிருந்தபோது முடிவெட்டும் கடையில் பார்த்தேன்,
பக்கத்து நாற்காலி, மறுபடியும் இடப்பக்கம்.
ரேடியோவில் அதுவே வந்தது.
"ஆள் யார் தெரியுமா?" என்று கடைக்காரர்
கத்தியால் என்னைக் காட்டினார்.
முகம் முழுக்க நுரையோடு லெமுவல் சொன்னான்:
"அன்றைக்கு நன்றாக வாசித்தான்."
அதற்கு மேல் ஒன்றுமில்லை.
முடிவெட்டிய காசை அவனே கொடுத்தான், இருவருக்கும்.

அவன் டிரம்பெட்டில் இரண்டாவது வால்வு ஒட்டும்.
அழுத்தினால் மேலே வராது.
இடக்கை மோதிரத்தால் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டுவான்.
ஏழாவது நொடியில் அது கேட்கும்,
பித்தளை மேல் வெள்ளி:
டிக்.

நான் மோதிரம் போட்டதில்லை,
மூன்று கல்யாணத்திலும்.

யாராவது கேட்பார்கள் என்று இருந்தேன்.
போன வருஷம் புதிய பதிப்பு வந்தது, குறுந்தட்டில்.
பையன்கள் கெட்டிக்காரர்கள்.
கீறல், தூசி எல்லாவற்றையும்
சுத்தமாகத் துடைத்திருக்கிறார்கள்.