நாலாவது பாட்டு

உலகத்தின் பாதி சனிக்கிழமைக் கடையை
இன்னும் அடைக்காத நேரத்திலேயே
ஹாபாய்த் தீவுகளில் எங்களுக்கு ஞாயிறு விடிந்துவிடும்.
அன்று படகு இறங்காது, விமானமும் இறங்காது.
துவைத்த துணி கொடியில் கிடந்தால்
பக்கத்து வீட்டு லுசேயா
பார்வையாலேயே அதை மடித்து வைத்துவிடுவாள்.

இருட்டோடு எழுந்து குழியில் கல் சுட்டு,
உப்புக்கறியும் தேங்காய்ப்பாலும் சேம்பிலையில் பொதிந்து,
வாழையிலை மூடி, மண் மூடிக்
கோயிலுக்குப் போய்விடுவோம்.
அன்று சமைப்பது நாங்களில்லை,
பூமி.

அந்த ஞாயிறு
போதகர் மனாசே பிரசங்கத்தின் இரண்டாம் பாகத்தில் இருந்தார்.
கடல்பக்க ஜன்னலோரம் ஒரு பொடியன்தான்
முதலில் கழுத்தைத் திருப்பினான்.
அப்புறம் ஆல்டோ வரிசை.
அப்புறம் டெனர்.

மீன்.

நாலு மாதமாக எங்கள் வலைக்குப் பிடிகொடுக்காத ஓதுலே
தாழம்பாயை உதறி விரித்ததுபோல்
கரையை ஒட்டிப் பளபளத்துக் கிடந்தது,
குழந்தைகள் கூடையில் அள்ளிவிடும் தூரத்தில்.
என் வீட்டுக்காரர் ஹலோட்டியின் முழங்கால் ஆடத் தொடங்கியது.
படகு எஞ்சினுக்கு வாங்கிய கடனில்
பதினோரு தவணை பாக்கி.
அவர் தொடைமேல் கை வைத்து அழுத்தினேன்.
என் கையும் சேர்ந்து ஆடியது.

போதகரும் பார்த்துவிட்டார்.
அவர் வீட்டுச் சுவரிலும் ஒரு வலை தொங்குகிறது,
வாரத்தில் ஆறு நாள் அவரும் மனிதர்.
வேதத்தை மூடினார். முடிந்தது என்று நினைத்தோம்.
"நாலாவது பாட்டு" என்றார்.
எங்கள் சபையில் மூன்றுதான் வழக்கம்.

அத்தனை உரக்க நாங்கள் பாடியதே இல்லை.
சத்தத்தில் மீன் கலைந்துவிடும் என்று நம்பினாரோ,
சத்தத்தில் நாங்கள் மீனை மறப்போம் என்று நம்பினாரோ,
இன்றுவரை கேட்கவில்லை.
மீனும் போகவில்லை.
ஐந்தாவதும் பாடினோம்.

சாப்பிட்டோம். தூங்க வேண்டிய வேளையில்
ஊரே பாயில் கண் திறந்து கிடந்தது.
ஓய்வு அன்றைக்குக்
கூலியில்லாத கடும் வேலை.
வெளியே கடற்பறவைகள் விழுந்து விழுந்து எழுந்தன.
அவற்றுக்கு யார் ஞானஸ்நானம் கொடுத்தது?

மூன்று மணி இருக்கும், ஹலோட்டி எழுந்து போனார்.
வாசலில் வலை கிடந்தது.
அதைத் தாண்டித்தான் போனார்.
இடுப்புப் பாயைக்கூட அவிழ்க்காமல்
தொடையளவு தண்ணீரில் இறங்கி நின்றார்.
மீன்கள் விலகி, சுற்றி, மறுபடி சேர்ந்துகொண்டன,
அவரும் ஒரு பவளப்பாறை என்பதுபோல.
கைகளைப் பின்னால் கட்டியிருந்தார்.
ஒரு கை மற்றதன் மணிக்கட்டைப் பிடித்திருந்தது,
திருடனைப் பிடித்த போலீஸ்காரன் போல.

நான் தென்னையடியில் நின்றிருந்தேன்.
ஒரே ஒன்றைப் பிடித்தால் என்ன
என்று கேட்க வாய் வந்தது. பொய் சொல்வானேன்.

நள்ளிரவு தாண்டியதும் கரை முழுக்க டார்ச் வெளிச்சம்.
தண்ணீரில் தண்ணீர் மட்டும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை கடன்காரர் செமிசி வந்தார்.
அடுத்த ஊர்ச் சபையில் பாஸ் குரல் அவர்.
"எங்கள் கரைக்கும் வந்தது,
நாங்கள் ஏழு பாட்டு" என்றார்,
ரசீதில் தேதி போட்டபடி.
அவகாசம் தரவில்லை.

சனிக்கிழமை, இடுப்புப் பாயை வெயிலில் உதறியபோது
ஓரப் பின்னலுக்குள் ஒரு செதில்.
நகத்தால் நெம்பி எடுத்தேன்.
இது களவில் சேருமா காணிக்கையில் சேருமா தெரியவில்லை.
அவரிடம் சொல்லவும் இல்லை.
பாட்டுப் புத்தகத்தில்
அந்த நாலாவது பாட்டின் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.
அதைப் பாடும் ஞாயிறுகளில்
என் புத்தகம் மட்டும்
லேசாக நாறும்.