வாளையாறு, ஐந்தாம் சுற்று

ராணிக்கு முன்னால் நின்ற சிப்பாயை
இரண்டு கட்டம் தள்ளினேன்.
கஞ்சிக்கோட்டு பினோஜுக்கு அது மந்திரியின் காலாள்.
அவனும் தள்ளினான். முட்டி நின்றன இரண்டும்,
வெளியே சாவடியில் எதிரெதிர் லாரி போல.
பக்கத்துச் சிப்பாயைச் சும்மா நீட்டினேன்.
எடுத்துக்கொண்டான். எடுக்கட்டும்,
திருப்பி வாங்கத் தெரியும்.

என் யானை நேர்க்கோட்டில் போகும்.
அவன் ஆன குறுக்கே பாயும்;
அதை நான் மந்திரி என்பேன்.
இருபத்தொன்றாம் நகர்த்தலுக்கு முன்
"ஆன" என்று முனகினான்.
நான் மூலையைப் பார்த்தேன்.
அடி குறுக்கே வந்தது.
குதிரை போச்சு.
நடுவர் அவனை முறைத்தார்;
குதிரை திரும்பவில்லை.

கடிகாரத்தில் எனக்கு இருபது விநாடி.
அந்த முதல் சிப்பாய்
ஏழாவது வரிசையில் நிற்கிறது.
இன்னும் ஒரு கட்டம்.
ஏறிவிட்டால்,
மந்திரி என்றே கூப்பிடட்டும்.