இருபத்திரண்டு அடி

"எவ்வளவு வெயிட்டும்மா தூக்கணும்?"
செம்புதாஸ் தெருக் கடைக்காரர் கேட்டார்.
காய்ந்தால் இருபத்தெட்டு கிலோ.
"நனைஞ்சா?"
நனையக்கூடாதென்றுதானே அண்ணே
மேலே ஏற்றுகிறேன்.

வியாசர்பாடியில் ஏழு மாடு எனக்கு.
பொன்னேரிப் பக்கம் அறுப்பு முடிந்த வயலில்
மிஷின் சுருட்டிப் போடும் வைக்கோல் உருளை
லாரிக்கு அறுபது வரும்.
போன கார்த்திகைத் தண்ணீரில்
கீழே அடுக்கியதில் முப்பத்தொன்பது
உள்ளுக்குள்ளேயே சூடேறிப் புளித்து
பிரித்தால் ஆவி வந்தது.
குப்பை வண்டிக்காரருக்குக் காசு கொடுத்து
என் தீவனத்தை நானே அனுப்பிவைத்தேன்.
அப்புறம் கட்டியதுதான் இந்த மச்சு.
தரையிலிருந்து பதினோரு அடி.

ஏற்றுவதற்கு இதுவரை இருந்த மிஷின்
தேசிங்குவின் இடது தோள்.
உருளைக்கு எட்டு ரூபாய், நடுவில் ஒரு டீ.
ஆடி மாதம் ஏணியின் ஒன்பதாம் படியில்
அந்தத் தோளில் என்னவோ ஆனது.
அவர் சொல்லவில்லை.
இடக்கைக்காரர், அன்றைக்கு
டீ கிளாஸை வலக்கையில் பிடித்தார்.

கடைக்கு அவரையும் கூட்டி வந்திருந்தேன்.
தன் வேலைக்கு வேறு ஆளை
இன்டர்வியூ எடுப்பவர் மாதிரி
ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தார்.

கரண்டில் ஓடும் ஹாய்ஸ்ட், சிவப்பு நிறம்,
பட்டனை அழுத்தினால் சமர்த்தாக ஏறுகிறது.
பால் கறக்கும் நேரத்தில் எங்கள் தெருவில்
ட்யூப்லைட்டே நாலு தரம் யோசித்துத்தான் எரியும்.
பாதியில் நின்றால்
இருபத்தெட்டு கிலோ யார் தலைக்கு மேலே?

செயின் பிளாக். ஒரு டன் தாங்கும்.
தேசிங்கு இழுத்துப் பார்த்தார்,
இழுத்தார், இழுத்தார்,
கொக்கி ஒரு சாண் நகர்ந்தது.
"அறுவது கட்டு ஏத்தறதுக்குள்ள
சினை மாடு கன்னு போட்டுரும்க்கா."

காசிமேட்டில் லூர்து கொடுத்தான்,
கரை தட்டிய போட்டின் வலை இழுக்கும் வின்ச்,
பாதி விலை, கயிறு இலவசம்.
அந்தக் கயிறு தொட்ட கட்டை
ராணி மூச்சுவிட்டுப் பார்த்துத் தள்ளிவிட்டாள்.
மற்ற ஆறும் அவள் முகத்தைப் பார்த்து
வாயை மூடிக்கொண்டன.
மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்தேன்.
கயிறு மட்டும் வேண்டாமா என்றான்.

உத்திரம் வைத்த கமாலுதீன் பாய்
வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிச் சொன்னார்:
இருநூறு கிலோ வரைக்கும் நான்,
அதுக்கு மேல அல்லா.

கடைசியில் வாங்கியது
இரண்டு கப்பி, ஒரு கொக்கி,
மீன் அறியாத புதுக் கயிறு.
மேலே ஒன்று, கட்டோடு ஒன்று.
பாரம் பாதியாகும், தூரம் இரட்டிக்கும்.
பதினோரு அடி ஏற இருபத்திரண்டு அடி இழுக்கவேண்டும்.
கொட்டகை வாசலில் இருந்து
மாட்டுக் கயிற்றால் தெருவை அளந்தேன்.
சரியாக டீக்கடை பெஞ்சு.

கயிற்றின் நுனி டிவிஎஸ் எக்ஸெல்லின் கேரியரில்.
தேசிங்கு முதல் கியரே இல்லாத அந்த வண்டியை
கோயில் தேர் போல நகர்த்தினார்.
அவர் போகப் போக
பின்னால் கட்டு ஏறியது.
திரும்பிப் பார்க்கவில்லை,
வண்டிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டார்.
இரும்பு ஏணி சுவரில் சும்மா சாய்ந்திருந்தது.

"ரேட்டு அதே எட்டா?"
முதல் கட்டு மேலே சேர்ந்ததும் கேட்டார்.
பெட்ரோல் என்னுடையது, ஏழு என்றேன்.
வண்டியை ஆஃப் செய்துவிட்டார்.
எட்டு என்றேன்.

பதினேழாவது கட்டுக்கு
டீக்கடை ஜெயசீலன் கிளாஸை நீட்ட
கை எட்டாமல் இன்னும் ஓர் அடி போய்விட்டார்.
கப்பியும் கப்பியும் முட்டின.
சணல் அறுந்தது.
கொட்டகைக்குள் வைக்கோல் மழை.
ஏழு மாடும் தலையைத் தூக்கி
வாய் திறந்து நின்றன.
நானும் கொஞ்சம் நின்றேன், முடியெல்லாம் வைக்கோல்.

மறுநாள் மஞ்சள் பெயின்ட் வாங்கி
தெருவின் குறுக்கே ஒரு கோடு போட்டேன்.
எதற்கென்று யாரும் கேட்கவில்லை.
சாயங்காலம் பார்த்தால்
பிள்ளைகள் அதில் காலை வைத்து
பந்து போடுகிறார்கள்.
கொஞ்சம் தாண்டினாலும்
நோ பால் என்று சண்டை.